வெள்ளிக்கிழமைகளில் இறங்கும் இலக்கம்

தொண்டைமானாற்றில் இறங்கி, கிரனைற் வீடு எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும், "ஒருத்தரும் இல்லை, கனடாக்காரற்றை வீடு" என்று சொல்லிவிடுவார்கள். அதே வளவுக்குள் ஐந்து வருடமாகச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பும் சிவகௌரியக்காவின் காதிலும் இது பலமுறை விழுந்திருக்கிறது. அவர் திருத்தப் போனதில்லை. ஊர் சொல்வதில் பெரிய பிழையும் இல்லை. அவர் இருந்தது வீட்டில் அல்ல, வீட்டுக்குப் பின்னால்.

சிவகௌரியக்காவுக்கு அறுபத்தொரு வயது. தகப்பன் முத்துக்குமாரு வள்ளம் வைத்துக் கடலோடியவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாயின் வீடு மகளுக்குத்தான் போகும், சீதனமாக. நல்ல வழக்கம். அதில் ஒரேயொரு சின்னக் குறை, மாப்பிள்ளை இல்லாத மகள் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு சிவகௌரியக்காவுக்கு வல்வெட்டித்துறையில் ஒரு சம்பந்தம் பேசி முற்றாக்கியிருந்தார்கள். அதே வருடம் தம்பி சுபாங்கனுக்கு இருபது வயது. இருபது வயதுப் பொடியனை ஊரில் வைத்திருப்பது அந்தச் சண்டைக் காலத்தில் புத்திசாலித்தனமல்ல. அக்காவின் தாலிக்கொடிக்கென்று சேர்த்த பவுண் தம்பியின் விமானச் சீட்டாக மாறியது. "ஒரு வருசம் பொறு பிள்ளை, தம்பி போய் எல்லாத்தையும் பார்ப்பான்" என்றார் தாய் சிவக்கொழுந்து. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஒரு வருடம் பொறுக்கவில்லை. சிவகௌரியக்கா முப்பத்தைந்து வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

இடையில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. சங்கக்கடையில் இருபத்தாறு வருடம் அரிசியும் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவர். இடம்பெயர்ந்து போனபோது தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர். தாய் எண்பத்தெட்டு வயதில், யாரையும் கரைச்சல் படுத்தாமல், காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். செத்த வீட்டுக்கு வந்த சுபாங்கன் எட்டாம் நாள் கதையைத் தொடங்கினான்.

"அக்கா, நீ தனி ஆள். உனக்குப் பிறகு உதை ஆர் பார்க்கிறது? என்ரை பேருக்கு மாத்திவிட்டா நான் நல்லாத் திருத்திக் கட்டுவன். நீயும் ராணி மாதிரி இருக்கலாம்."

நொத்தாரிசு காட்டிய இடத்தில் சிவகௌரியக்கா கையெழுத்து வைத்தார். திருத்திக் கட்டுவது என்றால் ரொறொன்ரோப் பாஷையில் முழுவதையும் இடிப்பது என்று அவருக்கு அப்போது தெரியாது.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு இரண்டு நாளில் போயிற்று. அந்த இடத்தில் எழும்பிய மாளிகைக்கு ஐந்து படுக்கையறை. ஐந்துக்கும் ஐந்து குளியலறை. வருகிறவர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை வருகிற நாலு பேர், ஆளுக்கு ஒன்று போக மிச்சம் ஒரு குளியலறை பல்லிகளுக்கு. எங்கு பார்த்தாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கிரனைற். நிலம் கறுப்பு, படிகள் சாம்பல், வாசல் தூண்கள் சிவப்பு. கிணற்றுக் கட்டையும் விடவில்லை. கல் பதித்தவர் குருநகர் மேசன் சூசைதாசன். அவர் யன்னல்களுக்கு மேலே காற்றுப் போக ஓட்டை விட்டிருந்தார். ஏசி குளிர் வெளியே போய்விடும் என்று அதையெல்லாம் சீமெந்து வைத்து அடைக்கச் சொல்லி ஃபோனில் உத்தரவு வந்தது. "வீட்டுக்கு மூச்சு வேணும் அண்ணை" என்று சூசைதாசன் சொல்லிப் பார்த்தார். கனடாவில் முப்பது வருடம் இருந்தவனுக்கு மூச்சைப் பற்றிப் பாடம் எடுக்க இவர் யார்?

ராணிக்குக் கிடைத்தது பின் வளவில் தண்ணி மோட்டருக்கென்று கட்டிய அறை. மேலே அஸ்பெஸ்ரஸ் சீற். பங்குனி வெயிலில் அதற்குள் அப்பளத்தைக் காட்டினாலே பொரிந்துவிடும். சீற்றில் ஒரு வெடிப்பு வேறு, காற்றடித்தால் சாம்பல் மாதிரித் தூள் கொட்டும், சோற்றுப் பானையை மூடி வைக்க வேண்டும். மிஞ்சிய கிரனைற் பலகைகளும் அந்த அறைக்குத்தான் வந்தன. வெளியே வைத்தால் களவு போய்விடுமாம். முப்பதுக்குக் கிட்டிய பலகைகளை ஒரேயொரு யன்னலையும் மறைத்து அடுக்கிவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த இடத்தில் கட்டில்.

பெரிய வீட்டுக்கு விதிகள் இருந்தன. கதிரைகளுக்குப் போட்ட பிளாஸ்ரிக் உறையைக் கழற்றக்கூடாது. யன்னல்கள் திறக்கக்கூடாது, உப்புக் காற்று சாமான்களைத் தின்றுவிடும். கண்காணிக்கப் பூட்டிய கமராக்களை ஒரே மாரியில் அந்த உப்புக் காற்று தின்று முடித்திருந்தபடியால் இந்த விதியில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாலையில் மட்டும் வாசற்கதவைத் திறந்து, சாமியறையில் விளக்கு வைத்து, பத்து நிமிடத்தில் பூட்ட வேண்டும். விளக்கில்லாத வீட்டுக்கு லட்சுமி வரமாட்டாள் என்பதில் சுபாங்கனுக்கு உறுதியான நம்பிக்கை. வந்த லட்சுமி பத்து நிமிடத்துக்குள் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதிலும் உறுதிதான். வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவ அனுமதி உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் போன பங்குனியில் ஒரு பெட்டி வந்தது. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்த, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. வீட்டுக்கு வந்த புதுச் சாமான் எதுவானாலும் முதலில் சாமிக்குக் காட்டுவதுதானே முறை. சிவகௌரியக்கா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திருநீறும் பூசி, சாமியறையில் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு வீடியோவில் தம்பிக்குக் காட்டினார்.

"ஐயோ அக்கா, உது ரேடன் பார்க்கிற மிஷின்! பொட்டைத் துடை!"

ரேடன் என்றால் என்னவென்று அன்று அரை மணித்தியாலம் விளக்கம் நடந்தது. கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கொஞ்சம் யுரேனியம் இருக்குமாம். அது தேய்ந்து தேய்ந்து மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயு வருமாம். அது அடைத்த வீட்டுக்குள் தேங்கி, வருடக்கணக்கில் மூச்சோடு போனால் நெஞ்சுக்குள் புற்றுநோய் வரலாமாம். ரொறொன்ரோ வீட்டின் நிலவறைக்கு இதற்கென்று காற்றாடி பூட்டியாகிவிட்டது. பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ, கிரனைற்றிலிருந்தும் அது வரும் என்று கேக் தின்றபடி சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சுபாங்கனுக்கு நித்திரை இல்லை. ஊரில் எல்லோருக்கும் முதல் கிரனைற் பதித்தவன் என்ற பெருமை ஒரே பின்னேரத்தில் நஞ்சாகிவிட்டது.

பெட்டியை ஹோலில் வைத்தார்கள். அது இணையத்தில் ஏறி ரொறொன்ரோவுக்கு இலக்கம் அனுப்பியது. மூன்றாம் நாள் இலக்கம் இருநூற்றி எண்பது. கனடாவில் இருநூறு தாண்டினால் வீட்டைத் திருத்த வேண்டும் என்பது கணக்கு. சுபாங்கன் நூறே கூடுதல் என்று நினைக்கிற ஆள்.

"அக்கா, ஆவணித் திருவிழாவுக்கு நாங்கள் வரமுந்தி உது நூறுக்குக் கீழை வராட்டி வீட்டை வித்துப்போட்டு விடுறன். பிள்ளையளை நஞ்சுக்குள்ளை படுக்க வைக்கேலாது. ஒரு ஆள் ஹோட்டல் போடக் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, நல்ல முதியோர் இல்லமாப் பார்த்துச் சேர்த்துவிடுறன். அங்கை உன்னை மாதிரி ஆக்கள் இருப்பினம், கதைச்சுக்கொண்டிருக்கலாம்."

வாங்குகிறவரும் ஹோட்டலுக்கு வருகிறவர்களும் நெஞ்சுக்குப் பதிலாக வேறேதாவது வைத்திருக்கிறார்கள் போல. அதைப் பற்றிக் கவலைப்பட சிவகௌரியக்காவுக்கு நேரமில்லை. பிறந்த வளவை விட்டு வெளியேற அவருக்கு இரண்டு தடவை நேர்ந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஷெல் அடித்ததால். இந்த முறை ஒரு சவர்க்காரக் கட்டி.

இருபத்தாறு வருடம் தராசு முள்ளைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? நாளுக்கு நாலு தடவை போய் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். சங்கக்கடைக் கொப்பி ஒன்றில் திகதி போட்டு எழுதினார். இரண்டு கிழமையில் விஷயம் பிடிபட்டது. வியாழன் வரைக்கும் இலக்கம் ஏறும். வெள்ளிக்கிழமை இறங்கும். சனி மறுபடி ஏறத் தொடங்கும். வெள்ளிக்கிழமைகளில் என்ன நடக்கிறது? வீடு கழுவுவார். கழுவின நிலம் காய வேண்டுமென்று விதியை மீறி எல்லா யன்னலையும் மூன்று மணித்தியாலம் திறந்து விடுவார். அவ்வளவுதான். நிறை கூடினால் பையை அவிழ்த்து எடுத்துவிட வேண்டியதுதானே, இதற்கு எதற்குக் கனடாவிலிருந்து மிஷின் என்று அவருக்குத் தோன்றியது.

அங்கே சுபாங்கனும் அந்த வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமையிலை என்ன அக்கா செய்யிறாய்? கீழை இறங்குது."

யன்னலைச் சொன்னால் விதி மீறியது வெளியே வந்துவிடும். "கழுவுறனான் தம்பி" என்றார்.

"நான் நினைச்சனான்! கழுவக் கழுவ நஞ்சு போகுது!"

இந்த ஆராய்ச்சியின் பலனாக அடுத்த மாதம் ஒரு பெரிய போத்தில் வந்திறங்கியது. கல்லின் துவாரங்களை அடைக்கும் மருந்தாம். தண்ணியில் கலந்து கிழமைக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். சிவகௌரியக்கா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், தலையிடித்தது, மூடிவிட்டார். ஆனால் போத்தில் நல்ல பாரம். வடக்குப் பக்கக் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அண்டை கொடுக்க அதைப் போல ஒரு சாமான் இதுவரை கனடாவிலிருந்து வந்ததில்லை.

அன்றிலிருந்து யன்னல்கள் விடியத் திறந்து பொழுதுபடத்தான் பூட்டப்பட்டன. ஆனால் யன்னலைத் திறந்து விட்டுவிட்டுப் பின் அறையில் போயிருக்க முடியுமா? குரங்கு வரும், பூனை வரும், காற்றில் ஏதாவது விழும். காவலுக்கு உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. முதலில் வாசற்படியில் இருந்தார். பிறகு ஹோல் நிலத்தில் பாய் போட்டார். கடல் பக்கத்துக் காற்று வடக்கு யன்னலால் வந்து தெற்கு யன்னலால் போயிற்று. கறுப்புக் கல் முதுகுக்குக் குளிர்ந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு மத்தியானத்தில் வேர்க்காமல் கண்ணயர்ந்தார். விழித்தபோது அவருக்கு அழுகை வந்தது, ஏனென்று அவருக்கே நன்றாகத் தெரியும். இது அம்மாவின் அறை இருந்த இடம்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. இலக்கம் நூறுக்குக் கீழே வந்தது, ஐம்பதுக்குக் கீழே வந்தது, முப்பத்தெட்டில் நின்றது. ரொறொன்ரோவில் சுபாங்கன் சந்தித்தவர்களுக்கெல்லாம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தான். இரண்டு பேர் வாங்கியும் விட்டார்களாம். வீடு விற்கிற கதை அப்படியே அடங்கிற்று.

ஆவணியில் சந்நிதிக் கோயிலில் கொடியேறியது. சுபாங்கன், மனைவி சுபாஜினி, மகள் நிவேதனா, மகன் என்று நாலு பேரும் வந்து இறங்கினார்கள். சிவகௌரியக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு பின் அறைக்குப் போனார். வந்தவர்கள் முதலில் செய்த வேலை யன்னல்களைச் சாத்தியதுதான். "மச்சாள், என்ன புழுதி இது!" என்றாள் சுபாஜினி. ஐந்து ஏசியும் ஒன்றாக இரைந்தன. இலக்கத்துக்கு மூச்சு வந்தது. நூறு. நூற்றைம்பது. நாலாம் நாள் இருநூற்றிப் பத்து.

சுபாங்கன் சந்நிதியில் அன்னதானச் சோறு சாப்பிடும்போதும் ஃபோனைப் பார்த்தான். மருந்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். "முடிஞ்சுது தம்பி" என்றார் அக்கா. போத்தில் நிறைய நிறைய வடக்குக் கதவடியில் நின்றது, அவன் அந்தப் பக்கம் போகிற ஆள் இல்லை. கடைசியில் அவனுக்கு ஒரு ஐடியா வந்தது. கல்தான் குற்றவாளியா என்று பார்க்க, மிஞ்சின கல் அடுக்கிய பின் அறையில் பெட்டியை இரண்டு நாள் வைப்பது. வைத்தான். சிவகௌரியக்கா அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வழக்கம் போல இரண்டு இரவு படுத்தெழும்பினார்.

மூன்றாம் நாள் காலை. அவர் கிணற்றடியில் திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சுபாங்கன் ஃபோனும் கையுமாகப் பின் அறை வாசலில் நின்றான்.

"நானூற்றிப் பன்னிரண்டு! பார்த்தீங்களே? நிலமும் வெடிச்சுக் கிடக்குது, அதுக்குள்ளாலையும் வருது. நல்லவேளை, உது எங்கடை வீட்டுக்கை இல்லை."

நிவேதனா தகப்பனைப் பார்த்தாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் தடக்கும்.

"அப்பா, மாமி உதுக்கைதானே படுக்கிறா."

"அவவுக்குப் பிரச்சினை இல்லைப் பிள்ளை. உது உடனை ஒண்டும் செய்யாது. வேலை காட்ட இருபது இருபத்தைஞ்சு வருசம் எடுக்கும். உங்களை மாதிரிச் சின்ன ஆக்கள்தான் கவனமா இருக்கோணும்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாவம், விஞ்ஞானம் பேசினான். அதுதான் சிவகௌரியக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது. கோபத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். தேங்காய்ப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார்.

"தம்பி, அம்மா எத்தினை வயசிலை செத்தவ?"

"எண்பத்தெட்டு. ஏன்?"

"எனக்கு அறுபத்தொண்டு. அம்மான்ரை உடம்புதான் எனக்கும். சீனி இல்லை, பிரஷர் இல்லை. இன்னும் இருபத்தேழு வருசம் இருக்கிற ஆள் நான். நீ என்னை இப்பவே செத்த ஆளாக் கணக்குப் போட்டிட்டாய்."

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"அப்பிடித்தான் சொன்னனீ. பரவாயில்லை, உன்ரை கணக்கிலையே வாறன். உது சின்ன ஆக்களுக்குத்தான் கூடாது, என்னை ஒண்டும் செய்யாது எண்டால், உந்தப் பெரிய வீட்டுக்கை இருக்கத் தகுதியான ஆள் நான்தானே? நீங்கள் நாலு பேரும் உதுக்கை கிடந்து ஏன் நஞ்சைக் குடிக்கிறியள்?"

ரொறொன்ரோவில் காற்றாடி பூட்டியவன் சுபாங்கனுக்கு இதற்குப் பதில் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சிவகௌரியக்கா வீட்டுக்குள் போய், வடக்குக் கதவடியிலிருந்து போத்திலைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தார். ஒரு சொட்டும் குறையவில்லை.

"நூறுக்குக் கீழை கொண்டு வந்தது உது இல்லை. மூண்டு மாசமா யன்னலெல்லாம் திறந்து வைச்சு நான் உள்ளுக்கை கிடந்தனான். நீங்கள் வந்து பூட்டினியள், ஏறிற்று. சூசைதாசன் அண்டைக்கே சொன்னவர், நீ கேக்கேல்லை."

"சாமானெல்லாம் உப்புக் காத்திலை பழுதாப் போகுமே அக்கா."

"சாமான் மூச்சு விடுறேல்லைத் தம்பி. நான் விடுறனான்."

முப்பத்தைந்து வருடத்தில் தம்பிக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தரம். நிவேதனா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு யன்னலாகத் திறபடும் சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்டது. பிறகு அவளும் தமையனும் மாமியின் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பின் அறையை விட்டு வந்தார்கள். எந்த அறைக்கு என்று கேட்டார்கள். "காத்து வாற அறைக்கு" என்றார் சிவகௌரியக்கா. அது சுபாங்கனின் பெரிய அறை.

பெட்டி ஹோலுக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாள் இலக்கம் ஐம்பதுக்கு இறங்கிற்று. புறப்படும் நாளில் வாகனத்தில் ஏறியிருந்துகொண்டு சுபாங்கன் அக்காவுக்கு முக்கியமான அறிவுரை ஒன்று சொன்னான். யன்னலெல்லாம் திறந்து வைக்க வேண்டுமாம், வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம், அதுதான் முறையாம், தான் அங்கே வாசித்திருக்கிறானாம். சிவகௌரியக்கா மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் தம்பியின் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றுகிற கதையை அவனும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கதிரைகளின் பிளாஸ்ரிக் உறைகளை மட்டும் கழற்றிப் பின் அறையில் கல்லுக்கு மேல் போட்டுவிட்டார். பெட்டி ஹோலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதில் இலக்கம் இறங்குவதில்லை. எல்லா நாளும் முப்பதுக்குக் கிட்டத்தான்.

போன கிழமை சுபாங்கன் ஃபோன் எடுத்தான். ரொறொன்ரோவில் அவனைத் தெரிந்த யாரோ ஊருக்கு வந்து போயிருக்கிறார்.

"யன்னலெல்லாம் திறந்து கிடந்ததாம், உள்ளுக்கை ரேடியோப் பாட்டாம். ஆர் உந்த வீட்டிலை இருக்கினம் எண்டு கேட்டவராம். ஆக்கள் கேட்டா நீ என்னக்கா சொல்லுறனீ?"

"நான் இருக்கிறன் எண்டு சொல்லுறனான்" என்றார் சிவகௌரியக்கா.